அன்றைக்கு வண்டியை ஓட்டியவன்

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் வந்தது. கல்யாண வேலைகளைப் பற்றி நீ எழுதியிருந்ததை எல்லாம் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சமையல்காரர் போட்ட நிபந்தனைகள், பெண் வீட்டார் கேட்ட பந்தல், கும்மிடிப்பூண்டியில் உன்னோடு வேலை செய்கிறவர்கள் தனியாக ஒரு பஸ் பிடித்துக்கொண்டு வரப்போவது, எல்லாவற்றையும் கேட்டுச் சிரித்தபடியே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கடைசிப் பக்கத்தை மட்டும் அன்று நான் அவளுக்குப் படிக்கவில்லை. உங்கள் ஸ்டீல் கம்பெனிக்கு அடுத்த தொழிற்சாலையின் முதலாளி பரந்தாமன், நீ யார் மகன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு உன் கையைப் பிடித்துக்கொண்டு கலங்கினார் என்று எழுதியிருந்தாய். கல்யாணத்துக்கு வந்து ஆசீர்வாதம் பண்ணுகிறேன் என்று அவராகவே சொன்னார், நானும் வாருங்கள் என்று சொல்லிவிட்டேன், அவருக்கும் நமக்கும் பழைய மனஸ்தாபம் ஏதாவது இருந்தால் மறந்துவிடுங்கள் அப்பா, வயதானவர், பெரியவர் என்றும் எழுதியிருந்தாய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உனக்கு எதுவும் தெரியாது. தெரியாமல் வளர்த்தது நாங்கள்தான். அவன் உனக்குப் பெரியவராக இருந்துவிட்டுப் போகட்டும். என் பேனாவுக்கு அவன் அவன்தான். ஷிப்ட் இடைவேளையில் நின்றுகொண்டு படிக்கிற கடிதம் இல்லை இது. ரூமுக்குப் போய் உட்கார்ந்து படி.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நம் வீட்டில் நீதான் தபால்காரன். ஞாபகம் இருக்கிறதா? நான் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன், உன் அம்மா அடுப்படியில் இருப்பாள். "சோறு ஆறுதாம், சொல்லு" என்று உன்னிடம் சொல்லுவாள். நீ நாலு எட்டு நடந்து வந்து என்னிடம் சொல்லுவாய். "வரேன்னு சொல்லு" என்பேன். அதைக் கொண்டுபோய் அவளிடம் சேர்ப்பாய். உனக்கு அது ஒரு விளையாட்டாக இருந்தது. நீ பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் மற்ற வீடுகளில் அப்பாவும் அம்மாவும் நேராகப் பேசிக்கொள்கிறார்கள் என்று கண்டுபிடித்து, ஏன் என்று கேட்டாய். அம்மாவுக்குத் தொண்டை சரியில்லை என்று சொல்லி வைத்தேன். உன் அம்மாவின் தொண்டைக்கு ஒன்றும் இல்லை. அவள் என்னைத் துரோகி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படி அவள் நினைப்பது எனக்குத் தேவைப்பட்டது.

திருவள்ளூரிலிருந்து காக்களூர் போகிற வழியில் அப்போது பரந்தாமனுக்கு ஒரு பவுண்டரி இருந்தது. வயல் கிணறுகளில் தண்ணீர் இறைக்கிற டீசல் எஞ்சின்களுக்கு அங்கே பிஸ்டன் வார்த்தோம். நான் லேத்தில் இருந்தேன், எஞ்சின் பிரித்துப் பூட்டுவதும் என் வேலைதான். உன் மாமன் ஏழுமலையை அங்கே வார்ப்பு வேலையில் சேர்த்துவிட்டது நான். இப்போது நீ பார்க்கிற ஏழுமலை, இடது காலை இழுத்து இழுத்து நடந்து வந்து சைக்கிள் கடையில் உட்காருகிறவன், கேட்டால்தான் பதில் சொல்லுகிறவன். நான் சொல்லுகிற ஏழுமலை வேறு. மணல் பெட்டியில் அச்சுக் கட்டும்போது சீட்டியடித்துக்கொண்டே இருப்பான். சனிக்கிழமை கூலி வாங்கினால் உனக்கு ஒரு பொம்மையும் அக்காவுக்குப் பூவும் இல்லாமல் வீட்டுக்குள் நுழைய மாட்டான். திருநின்றவூரில் அவனுக்குப் பெண் பார்த்து நிச்சயமும் ஆகியிருந்தது.

பட்டணத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பிப் போகும்போது விட்டுப்போன ஸ்போர்ட்ஸ் காரைப் பரந்தாமன் வாங்கிக்கொண்டு வந்தான். பச்சைக் கார். கூரை கிடையாது, இரண்டு பேர்தான் உட்காரலாம். அப்போதே அது பழைய வண்டி. சோழவரத்தில் யுத்த காலத்தில் போட்ட விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடக்கும். நீயும் பார்த்திருக்கிறாய். அந்த வருஷம் அவன் போய்க் கலந்துகொண்டான். கடைசியாக வந்தான். பட்டணத்துப் பணக்காரப் பிள்ளைகள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள் போல. மறுநாள் பவுண்டரிக்கு வந்தவன் நாஷ்டா கூடச் சாப்பிடாமல் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டான். "இந்த வண்டி எல்லாத்துக்கும் முன்னாடி போவணும். இன்னா செய்வீங்களோ தெரியாது" என்றான்.

நீ எஞ்சினியர். உனக்கு இதெல்லாம் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், நடந்தது அத்தனையும் இதில்தான் இருக்கிறது. அந்தக் காரின் பிஸ்டன்கள் தலை தட்டையாக இருந்தன. பிஸ்டன் உச்சிக்கு ஏறியபிறகும் மேலே நிறைய இடம் மிச்சம் இருந்தது. பெட்ரோலும் காற்றும் அந்த இடத்தில் சாவகாசமாக வெடித்தன. ஏழுமலை தலை மேடான பிஸ்டன்களை வார்த்தான். நான் அவற்றைக் கடைந்து பூட்டினேன். மேலே மிச்சமிருந்த இடம் சுருங்கியது. அதே பெட்ரோலும் காற்றும் இப்போது இன்னும் இறுக நெருக்கப்பட்டு வெடித்தன. கம்ப்ரஷன் ஏறியதும் வண்டியின் குரலே மாறிவிட்டது. முதல் முறை ஸ்டார்ட் செய்தபோது ஏழுமலை வெறும் கையால் பானெட்டைத் தொட்டுக்கொண்டு, "மாமா, புலி மாதிரி உறுமுது" என்றான். ஆனால் அந்த நெருக்கத்தைச் சாதாரண பங்க் பெட்ரோல் தாங்காது. பிளக்கின் பொறி போய்ச் சேருவதற்கு முன்பே ஒரு மூலையில் தானாக வெடிக்கும். உள்ளே யாரோ சின்னச் சுத்தியால் தட்டுகிற மாதிரி டிக் டிக் என்று கேட்கும். அந்தச் சத்தம் வந்தும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் விரட்டினால் பிஸ்டனின் தலை உருகி ஓட்டை விழும், எஞ்சின் இறுகும், ஓடுகிற வண்டியில் பின் சக்கரங்கள் அப்படியே நின்றுவிடும். அதனால் விமானத்துக்குப் போடுகிற பெட்ரோல் வேண்டும் என்று சொன்னோம். மீனம்பாக்கத்திலிருந்து ஒரு டிரம் வரவழைப்பதாகப் பரந்தாமன் சொன்னான்.

டிரம் வந்து சேரவில்லை. அதற்குள் அவனுக்குப் பொறுக்கவில்லை. செங்குன்றத்தில் ஒரு பங்களாவில் அவனுடைய சிநேகிதர்கள் கூடியிருந்தார்கள், அங்கே இந்தக் காரில் போய் இறங்க வேண்டும். அன்று நான் அரக்கோணத்துக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். பங்க் பெட்ரோலை ஊற்றச் சொன்னபோது ஏழுமலை சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தர மறுத்திருக்கிறான். "வாணாம் மொதலாளி, பிஸ்டன் பொத்துக்கும், வண்டி சுத்திக்கும்" என்று சொல்லியிருக்கிறான். "பயமா இருந்தா பக்கத்துல ஏறிக் குந்து. எங்க சத்தம் வருதுன்னு கேட்டுக்கினு வா" என்று அவனையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான் பரந்தாமன். தாமரைப்பாக்கம் தாண்டிய நேர்ச்சாலையில் அந்த டிக் டிக் சத்தம் வந்தது. "காலை எடு மொதலாளி, காலை எடு" என்று ஏழுமலை கத்தினான். எடுக்கவில்லை. எஞ்சின் இறுகியபோது "கிளட்ச மிதி" என்று கத்தினான். அதையும் மிதிக்கவில்லை. வண்டி சுழன்று, எதிரே வைக்கோல் ஏற்றி வந்த மாட்டு வண்டியில் மோதி, சாலையோரப் புளியமரத்தில் போய்ச் சாய்ந்தது. வண்டிக்காரர் முனுசாமி அங்கேயே இறந்துபோனார். ஏழுமலையின் முழங்கால் காருக்கும் புளியமரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. பரந்தாமனுக்கு ஒரு கீறல் இல்லை. எழுந்து, செத்தவரைப் பார்த்து, அலறிக்கொண்டிருந்தவனைப் பார்த்து, வயல் வரப்பில் இறங்கி நடந்துபோய்விட்டான்.

ஊர் ஜனங்கள் வந்து ஏழுமலையைத் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள் போலீஸ் ஸ்டேஷனில் புகார் பதிவாகிவிட்டது. பவுண்டரியில் வேலை செய்கிற ஏழுமலை சாராயம் குடித்துவிட்டு முதலாளியின் காரைத் திருடிக்கொண்டு போய்விட்டான் என்று புகார். காவலாளி பார்த்ததாகச் சாட்சி சொன்னான். மேனேஜர் பார்த்ததாகச் சாட்சி சொன்னார். அவர்கள் இரண்டு பேரும் ஏழுமலையின் அச்சுப் பெட்டி மேல் உட்கார்ந்து அவன் வாங்கித் தந்த டீயைக் குடித்தவர்கள்.

நான் அரக்கோணத்திலிருந்து நேராகப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் பீடி பிடிக்க வெளியே போன நேரத்தில் ஏழுமலை என் சட்டையைப் பிடித்து இழுத்து எல்லாவற்றையும் சொன்னான். "இப்பவே போறேன். அவன் கழுத்த அறுக்காம விட மாட்டேன்" என்று நான் எழுந்தேன். அவன் என் சட்டையை விடவில்லை.

"நீ போய்க் கத்துனா நீயும் உள்ள போவ மாமா. நீ அக்கா புருசன், உன் சாட்சிய எவன் நம்புவான்? வாயத் தொறக்காத. அங்கியே இரு. அவன் கூடவே இரு."

"இன்னாத்துக்குடா?"

"அவன் திரும்பியும் அந்த பிஸ்டனைக் கேப்பான். கேக்காம இருக்க மாட்டான். அப்ப பூட்டிக் குடுக்கறதுக்கு நீ அங்க இருக்கணும்."

அடிபட்டுக் கிடந்த வலியில் இருபத்து நாலு வயதுப் பையன் சொன்னது இது. வேதனையில் உளறுகிறான் என்று நான் நினைக்கவில்லை. அவன் கண்ணைப் பார்த்தேன். அந்த நிமிஷத்திலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு வேலையாகிவிட்டது. அக்காவிடம் சொல்லக்கூடாது என்றும் அவன்தான் சொன்னான். உன் அம்மாவுக்கு எதையும் முகத்தில் மறைக்கத் தெரியாது.

கோர்ட்டில் நான் பரந்தாமனுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஏழுமலை ஜெயிலுக்குப் போனான். திருநின்றவூர்க்காரர்கள் நிச்சயதார்த்தப் புடவையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் நான் வழக்கம்போல வேலைக்குப் போனேன். உன் அம்மா உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பவுண்டரி வாசலுக்கே வந்துவிட்டாள். ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் பார்க்க, "என் தம்பிய ஜெயிலுக்கு அனுப்பனவன் கிட்ட கைகட்டி நிக்கிறியே, நீயெல்லாம் ஒரு மனுசனா? உன் மூஞ்சியில முழிச்சா பாவம்" என்று கத்தினாள். நான் தலையைக் குனிந்துகொண்டு லேத்தைப் போட்டேன். பரந்தாமன் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலம் என் தோளில் கைபோட்டு, "பொம்பளைங்க அப்படித்தான் பேஜாரு பண்ணுவாங்க. நீ நம்ம ஆளு" என்றான். அந்தக் கை என் தோளில் இருந்த இடத்தை வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தேய்த்தேன். ஆனால் அவள் கத்தியது நல்லதாகப் போயிற்று. அதற்குப் பிறகு அவனுக்கு என்மேல் சந்தேகமே வரவில்லை.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாய். உன் மனைவியிடம் எதையும் மறைக்காதே என்று எல்லா அப்பாக்களும் எழுதுவார்கள். நான் அப்படி எழுதினால் பொய். நான் மறைத்தேன். அவள் வெறுப்பைத் தினமும் சோற்றோடு சேர்த்துச் சாப்பிட்டேன். ஒன்று மட்டும் சொல்லுகிறேன். மறைப்பதாக இருந்தால் அதற்கான விலையை நீயே கொடு, அவள் தலையில் போடாதே. ராத்திரி உன்னைத் தூங்க வைத்துவிட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அந்த முதுகைப் பார்க்கும்போதெல்லாம் பரந்தாமனோடு நான் தீர்க்க வேண்டிய கணக்கு ஒரு சுற்று கூடியது.

ஏழுமலை சொன்னது நடக்க நாளாயிற்று. நொறுங்கிய காரைப் பரந்தாமன் பழுது பார்க்கச் சொன்னான். அசல் தட்டைப் பிஸ்டன்களையே போட்டுக் கொடுத்தேன். அடுத்த பந்தயத்தில் தோற்றான். அதற்கடுத்ததிலும் தோற்றான். ஏழுமலை ஜெயிலிலிருந்து வந்து, நம் வீட்டுக்கு வர மனமில்லாமல் பொன்னேரியில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். தெருவில் பிள்ளைகள் கார் திருடன் என்று அவன் பின்னால் கத்திக்கொண்டு ஓடின. நான் யாருக்கும் தெரியாமல் போய் அவனைப் பார்ப்பேன். "கேட்டானா?" என்பான். "இன்னும் இல்லை" என்பேன். அவன் பஞ்சர் ஒட்டத் திரும்புவான்.

கடைசியில் கேட்டான். பட்டணத்திலிருந்து ஒரு சின்னப் பையன், மீசை கூட வராதவன், புதுக் காரில் அவனை இரண்டு சுற்று முந்திவிட்டான். பரந்தாமன் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பழைய பிஸ்டனைப் போடு. அத்த விட மேடா போடு. இந்த தடவ மானம் போச்சுன்னா வண்டியக் கொளுத்திடுவேன்" என்றான். நான் வார்ப்பை நானே செய்தேன். ஏழுமலை கட்டிய பழைய அச்சைவிட மேடாகத் தலையைச் செய்தேன். இதை நன்றாகக் கவனித்துக்கொள்: அந்த எஞ்சினில் நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. ஒரு போல்ட்டைத் தளர்த்தவில்லை, ஒரு ரிங்கைக் கீறவில்லை. விமானப் பெட்ரோலையே ஊற்றினேன், அளவுக்கு மீறி விரட்டினால் மட்டும் அந்த மேட்டுக்கு அதுவும் தாங்காது. என் வாழ்நாளில் நான் பூட்டிய எஞ்சின்களில் அதுதான் மிகச் சிறந்தது. சத்தம் வரும்போது காலை எடுக்கத் தெரிந்தவன் ஓட்டினால் அது ஜெயிக்கும். பரந்தாமன் எடுக்க மாட்டான். முன்னால் ஒருவன் போய்க்கொண்டிருந்தால் அவனால் எடுக்க முடியாது. அவன் காலுக்கு அளவெடுத்துத்தான் அந்தப் பிஸ்டன்களைச் செய்தேன். அவன் செத்தாலும் எனக்குச் சம்மதம் என்று நினைத்துக்கொண்டுதான் எஞ்சின் ஹெட்டை மூடி போல்ட்டுகளை முறுக்கினேன்.

பந்தயத்தன்று உன் அம்மாவை வா என்று கூப்பிட்டேன். உன் மூலமாகத்தான் கேட்டேன். வர முடியாது என்று உன் மூலமாகவே பதில் வந்தது. பிறகு நானே அடுப்படிக்குள் போய், "உன் தம்பியும் வரான். அவனுக்காக வா" என்றேன். ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாள். புடவையை மாற்றிக்கொண்டு, உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு என்னோடு பஸ் ஏறினாள்.

சோழவரம் ஓடுதளத்தில் திருவிழாக் கூட்டம். லாரிகளின் கூரைமேல் எல்லாம் ஜனங்கள். சவுக்குக் கழி நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். உன் அம்மாவும் ஏழுமலையும் அந்தக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். நான் வண்டிக்குப் பக்கத்தில். பரந்தாமன் தலைக்கவசத்தை மாட்டும்போது அவனுடைய பட்டணத்துச் சிநேகிதர்களும் பந்தயத்தை நடத்துகிறவர்களும் சுற்றி நின்றார்கள். அவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "மொதலாளி, டிக் டிக்னு சத்தம் வந்தா காலை எடுத்துடுங்க. எடுக்கலைன்னா பிஸ்டன் பொத்துக்கும், வண்டி சுத்திக்கும்." ஏழுமலை அன்று சொன்ன அதே வார்த்தைகள். பரந்தாமனுக்கு அது உறைக்கவில்லை. "தெரியும் போடா" என்றான்.

ஆரம்பத்தில் அவன் ஜெயித்துக்கொண்டிருந்தான். அந்தப் பச்சைக் கார் நேர்த்தளத்தில் எல்லா வண்டிகளையும் தாண்டிப் போனது. கூட்டம் அவன் பேரைச் சொல்லிக் கத்தியது. ஜெயித்துவிடுவானோ என்று ஒரு கணம் பயந்தேன். அப்போது அந்தப் பையன் பின்னாலிருந்து வந்து அவனைத் தாண்டினான். பரந்தாமன் எங்களைக் கடந்து போகும்போது எனக்குக் கேட்டது. டிக் டிக் டிக். ஏழுமலைக்கும் கேட்டிருக்கிறது. கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் என்னைப் பார்த்தான். வண்டி போய்க்கொண்டே இருந்தது, சத்தம் குறையவில்லை. பரந்தாமன் காலை எடுக்கவில்லை.

வெள்ளைப் புகை கிளம்பியது. பின் சக்கரங்கள் நின்றுவிட்டன. கார் ஓடுதளத்தின் நடுவில் பம்பரம் போலச் சுற்றி, புல்லில் இறங்கி, பின்பக்கமாகப் போய் நின்றது. பின்னால் வந்த வண்டிகள் அவனைச் சுற்றிக்கொண்டு போயின. வேறு யாராவது அதில் அடிபட்டிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று உன் அம்மா பிறகு ஒருநாள் கேட்டாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தேன்.

அவன் சாகவில்லை. இந்த முறையும் ஒரு கீறல் இல்லை. தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு எங்களை நோக்கி ஓடி வந்தான். முகம் வெளுத்து, வாயில் நுரை தள்ளிக்கொண்டிருந்தது. மைக் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தவர், சிநேகிதர்கள், பந்தயம் நடத்துகிறவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். என் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கினான்.

"வேணும்னே பண்ணியாடா? ரெண்டு பேரும் சேர்ந்துக்கினு என்னைக் கொல்லப் பாக்குறீங்களா? அன்னிக்கும் இப்படித்தான், டிக் டிக்னு வந்துச்சு, என் கையில ஸ்டீரிங் அப்படியே சுத்திக்குச்சு, அன்னிக்கே நான் செத்திருக்கணும்!"

நான் அவன் கையை எடுக்கவில்லை. மெதுவாகக் கேட்டேன். "என்னிக்கு மொதலாளி?"

மைக் வைத்திருந்தவர், "எந்த அன்னிக்கு சார்?" என்று அவரும் கேட்டார். கூட்டத்தில் தாமரைப்பாக்கத்து ஆட்கள் இருந்தார்கள். ஒருவர், "வண்டிக்காரன் முனுசாமி செத்தானே, அன்னிக்கா?" என்றார். பரந்தாமன் காலரை விட்டான். அப்போதுதான் கயிற்றைத் தூக்கிக்கொண்டு, காலை இழுத்துக்கொண்டு ஏழுமலை வந்து அவன் முன்னால் நின்றான். பரந்தாமன் அந்தக் காலைப் பார்த்தான், பிறகு திரும்பி நடந்தான். அன்று வயல் வரப்பில் இறங்கி நடந்தவனைப் பார்க்க ஏழுமலையைத் தவிர யாரும் இல்லை. சோழவரத்தில் அத்தனை ஜனங்களும் பார்த்தார்கள்.

உன் அம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், "இத்தினி நாளா இத்தையா மனசுல வச்சிக்கினு இருந்த?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "எனக்குச் சொல்லியிருந்தா நானும் சேர்ந்து செஞ்சிருப்பேனே" என்று சொல்லி, என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். மறுநாள் காலையில், "சோறு ஆறுது" என்று என்னிடமே சொன்னாள். உனக்கு உன் தபால் வேலை போய்விட்டது. நீ அதற்காக அழுதாய்.

சட்டப்படி ஒன்றும் மாறவில்லை. முடிந்த கேஸ் முடிந்ததுதான் என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஏழுமலைக்கு ஜெயிலில் போன காலமும் கைவிட்டுப் போன பெண்ணும் திரும்பி வரவில்லை. ஆனால் முனுசாமியின் மனைவி செய்தி கேள்விப்பட்டு, பரந்தாமனின் பவுண்டரி வாசலில் வந்து உட்கார்ந்தாள். கத்தவில்லை, கேட்கவில்லை. காலையில் வருவாள், சாயங்காலம் போவாள். அவளைத் தாண்டித்தான் அவன் கார் உள்ளே போக வேண்டும். அவள் பக்கத்தில் சில நாள் உன் அம்மாவும் போய் உட்காருவாள். பவுண்டரியை விற்றுவிட்டு அவன் திருவள்ளூரை விட்டே போனது அதனால்தான். எங்கே போனான் என்று நான் விசாரிக்கவில்லை என்று எழுதினால் பொய். கும்மிடிப்பூண்டியில் புதுத் தொழிற்சாலை கட்டியது, சர்க்கரை வியாதி வந்தது, மகன் பட்டணத்தில் தனியாகப் போய்விட்டது, எல்லாம் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் ஏழுமலையிடம் போய்ச் சொல்லுவேன். இருவரும் அன்று நன்றாகச் சாப்பிடுவோம்.

மறந்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். மறக்கிறவர்கள் நல்லவர்கள் என்று உனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் உனக்கு வேறு சொல்லுகிறேன். உன்னிடம் யாராவது மன்னிப்புக் கேட்டால், அது உன்னுடையதாக இருந்தால் மட்டும் கொடு. பரந்தாமனுக்குக் கொடுக்க வேண்டியது என் கையில் இல்லை. உன் மாமனின் காலும் முனுசாமியின் உயிரும் எனக்குச் சொந்தமில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு கலங்கினானே, உன் மாமன் முன்னாலோ முனுசாமியின் மனைவி முன்னாலோ இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது கலங்கி நின்றானா என்று யோசித்துப் பார்.

ஆனாலும் நீ வாய் வார்த்தையாக வாருங்கள் என்று சொல்லிவிட்டாய். என் மகன் அழைத்தது அழைத்ததுதான். அதனால் முந்தாநாள் நானே ரயிலேறிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்து, உன்னைப் பார்க்காமல் நேராக அவன் ஆபீஸுக்குப் போய் அழைப்பிதழை வைத்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. இளைத்துப் போயிருக்கிறான். உட்காரச் சொன்னான். நான் நின்றுகொண்டே பேசினேன்.

"பந்தல் வாசல்ல சந்தனம் குடுக்கப் போறது என் மச்சான் ஏழுமலை. அவன் கையால வாங்கிக்கினுதான் உள்ள வரணும்."

"வாங்கிக்கிறேம்பா."

"வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லணும். அன்னிக்கு வண்டிய ஓட்டுனது நான்தான்னு. அங்க இருக்கற எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

அவன் மேஜைமேல் இருந்த தண்ணீரைக் குடித்தான். பாதி சட்டையில் சிந்திற்று. "கல்யாணத்துல அத்தினி பேரு முன்னாடியா?" என்றான்.

"கோர்ட்டுலயும் அத்தினி பேரு இருந்தாங்க."

சட்டையைக் கையால் துடைத்துக்கொண்டான். வெளியே கிரேன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்து, சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரிக் கேட்டான்.

"சொன்னா என்னை மன்னிச்சிடுவீங்களா?"

"மாட்டோம்" என்றேன். "சாப்ட்டுட்டுப் போலாம்."

அவன் வருவானா என்று எனக்குத் தெரியாது. வந்தால் நீ மணையிலிருந்து எழுந்திருக்காதே, மாப்பிள்ளை எழுந்திருக்க வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கு அவனுக்கு இலை போடச் சொல்லியிருக்கிறேன். பக்கத்து இலை முனுசாமியின் மனைவிக்கு. அழைத்துவிட்டேன், வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை நேற்று உன் அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். அவர்கள் இரண்டு பேருக்கும் உன் அம்மா பரிமாறுவாள்.

இப்படிக்கு,
உன் அப்பா